லாபம் முதல் நாற்பது வரை

படத்தின் பெயர்: நல்ல விலை. வரைந்தவர்: கஸ்பார், பள்ளி ஓவிய ஆசிரியர், திண்டுக்கல். அச்சான இடம்: சகாயம் ஸ்கிரீன் பிரிண்டிங், நாகல் நகர். உரிமையாளர்: சூசைமுத்து. அச்சிட்ட நாட்கள்: 1996 மார்ச் 14, 15, 16. தாள்: இருபதுக்கு முப்பது அங்குலம். நிறங்கள்: மஞ்சள், சிவப்பு, பச்சை, கறுப்பு. பிரதிகள்: நாற்பது. சேதம்: மூன்று, கிழித்தாயிற்று.

கடையின் வேலைக் குறிப்பேட்டில் இந்தப் படத்துக்கு உரிய பக்கத்தில் இவ்வளவுதான் எழுதப்பட்டுள்ளது. அச்சிட்டவர் பெயர் இல்லை. கல்யாணப் பத்திரிகை, ஜவுளிக்கடைப் பை, பூட்டுப் பெட்டிகளின் மேல் ஒட்டும் லேபிள் என அந்தக் கடையில் நடந்த எந்த வேலைக்கும் அச்சிட்டவர் பெயரை எழுதும் வழக்கம் இருந்ததில்லை. அச்சிட்டவர் ஜக்கம்மாள்.

ஜக்கம்மாள் 1967இல் செம்பட்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் பிறந்தார். தந்தை கருப்புசாமிக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருந்தது. அந்த நிலத்தைக் காட்டிலும் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது மரக்கால். அறுவடைக் காலத்தில் சுற்று வட்டாரக் களங்களிலெல்லாம் தானியம் அளக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். அளப்பவர் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்வதில்லை. 'லாபம்' என்று சொல்வார். அதற்கடுத்தது இரண்டு. ஒன்று என்று தொடங்கினால் விளைச்சல் அந்த ஒன்றோடு நின்றுவிடும் என்பது களத்தின் அச்சம். ஜக்கம்மாள் எண்ணக் கற்றுக்கொண்டது அந்தக் களத்தில். ஒன்றாம் வகுப்பில் பத்து வரை சொல்லச் சொன்னபோது, "லாபம், ரெண்டு, மூணு" என்று தொடங்கி, வகுப்பே சிரித்ததைக் கண்டு திகைத்து நின்றார். அதன்பின் பள்ளியில் ஒன்று, பள்ளிக்கு வெளியே லாபம் என்று பிரித்துக்கொண்டு பத்தாம் வகுப்பு வரை படித்து முடித்தார்.

1988இல் அவருக்குத் திருமணமாயிற்று. கணவர் சுருளிவேல் திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் மூட்டை எடை போடுபவர். மறு ஆண்டு சகாயம் கடையில் கவர் ஒட்டும் வேலைக்குச் சேர்ந்த ஜக்கம்மாள், இரண்டே ஆண்டுகளில் ரப்பர் கட்டையைக் கையில் வாங்கிவிட்டார். மரச் சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிய நைலான் வலைக்குத்தான் ஸ்கிரீன் என்று பெயர். படம் விழவேண்டிய இடம் மட்டும் வலையில் திறந்திருக்கும். மற்ற இடமெல்லாம் அடைபட்டிருக்கும். மேலே மையை ஊற்றி ரப்பர் கட்டையால் ஒரே சீராக இழுத்தால் கீழே உள்ள தாளில் படம் விழும். நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். நான்கு நிறமென்றால் ஒவ்வொரு தாளும் நான்கு முறை அடியில் போய் வரவேண்டும். ஒருமுறை மயிரிழை விலகினாலும் மணமகன் பெயர் இரட்டையாகத் தெரியும். ஜக்கம்மாளின் கையில் எந்த மணமகன் பெயரும் இரட்டையானதில்லை. வாடிக்கையாளர்களில் சிலர் கடைக்குள் நுழைந்ததும் சூசைமுத்துவிடம், "அந்தம்மா இன்னிக்கு வந்திருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள்.

கஸ்பார் சென்னையில் ஓவியம் படித்தவர். திண்டுக்கல் பள்ளியொன்றில் பிள்ளைகளுக்கு மாம்பழமும் மண்பானையும் வரையக் கற்றுக்கொடுத்துக்கொண்டே, வீட்டில் வேறு வகைப் படங்கள் வரைந்துவந்தார். அவற்றைப் பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்கள். 1996 மார்ச்சில் அப்படி ஒரு படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார்.

சூசைமுத்து விரித்துப் பார்த்தார். "என்ன சார், காய்கறிக் கடை விளம்பரமா?"

"விளம்பரந்தான்யா. யாரும் கேக்காத விளம்பரம்."

ஒரு பெரிய தராசு. ஒரு தட்டில் மலைபோலத் தக்காளி; மலையின் உச்சியில் குடை பிடித்தபடி ஒரு விவசாயி. மறுதட்டில் கமிஷன் கடையின் துண்டுச் சீட்டு ஒன்று மட்டும். சீட்டு இருந்த தட்டுத்தான் கீழே இறங்கியிருந்தது. தக்காளி மலை விவசாயியோடு அந்தரத்தில் தொங்கியது.

ஜக்கம்மாள் ரப்பர் கட்டையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் நின்றது. அந்தத் தை மாதம்தான் அவருடைய அண்ணன் எட்டுக் கூடைத் தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டு வெறுங்கூடைகளோடு ஊர் திரும்பியிருந்தார்.

"சீட்டு இன்னும் கொஞ்சம் கீழ எறங்கணும் சார்," என்றார் ஜக்கம்மாள்.

"எம்புட்டு?"

"தரையில போயி இடிக்கணும்."

கஸ்பார் அங்கேயே உட்கார்ந்து பென்சிலால் அந்தத் தட்டைத் தரையில் இடிக்கவிட்டார்.

இந்த வேலையின் விதியையும் அவரே விளக்கினார். நாற்பது பிரதிகள் மட்டும் அச்சாகும். ஒவ்வொன்றின் கீழ் விளிம்பிலும் பென்சிலால் எண் இடப்படும்: ஐந்தின் கீழ் நாற்பது என்றால் நாற்பதில் ஐந்தாவது. வேலை முடிந்ததும் ஸ்கிரீனைக் கழுவி அழித்துவிட வேண்டும். நாற்பத்தோராவது என்று ஒன்று உலகத்தில் எங்கும் இருக்கக் கூடாது. நாற்பது என்று சொன்ன சொல்லை நம்பித்தான் ஒருவர் வாங்குகிறார்.

முதல் இரண்டு நாட்களில் மூன்று நிறங்கள் ஏறிக் காய்ந்தன. மூன்றாம் நாள் கறுப்பு. கறுப்பு ஏறுகிற வரிசைதான் எண் வரிசை என்று பேச்சு. கஸ்பார் பென்சிலோடு பக்கத்தில் நின்றார். ஜக்கம்மாள் இழுத்தார், ஸ்கிரீனைத் தூக்கினார், தாளை இரு முனையிலும் பிடித்து எடுத்தார். எடுத்த கையோடு வாய் தன்னால் எண்ணியது.

"லாபம்."

பென்சில் நின்றது. "என்னம்மா சொன்ன?"

"மொதத் தாள் சார்."

"மொதத் தாள், சரி. என்னமோ சொன்னியே?"

ஜக்கம்மாளுக்கு ஒன்றாம் வகுப்பின் சிரிப்பு காதில் கேட்டது. "லாபம்னேன் சார். எங்கய்யா அப்பிடித்தான் அளப்பாரு, வாயில வந்துருச்சு. நீங்க ஒண்ணுன்னே போட்டுக்கங்க."

கஸ்பார் படத்தைப் பார்த்தார். அந்தரத்தில் தொங்கும் தக்காளியைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார்.

"யோவ் சூசை, இங்க வா. படம் இப்பத்தான்யா முடிஞ்சிருக்கு!" என்று கூப்பிட்டுவிட்டுத் தாளின் கீழ் விளிம்பில் நிதானமாக எழுதினார்: லாபம்/40. "ஒண்ணுங்கிற நம்பரே இந்தப் படத்துக்குக் கெடையாது. அடுத்தது எண்ணும்மா."

"ரெண்டு," என்றார் ஜக்கம்மாள்.

பன்னிரண்டாவது தாளை எடுத்தபோது அவர் கண் ஒரு இடத்தில் நின்றது. தக்காளி மலைக்கு ஒரு விரற்கடை மேலே, வெள்ளை வெளியில், கடுகளவு கறுப்புப் புள்ளி. முந்தைய பதினொன்றில் அது இல்லை. வலையில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழுந்து மை கசிந்திருந்தது.

"சார், ஸ்கிரீன்ல ஓட்டை விழுந்துருச்சு. செத்த நேரம் இருங்க, அடைச்சிட்டு வாரேன்."

கஸ்பார் குனிந்து பார்த்தார். "எங்க? இதா? இது ஈ மாதிரியில்ல இருக்கு?"

"ஈ இல்ல சார், ஓட்டை."

"தக்காளிக் குவியல்ல ஈ இல்லேன்னாத்தாம்மா சந்தேகப்படணும். இருந்துட்டுப் போகட்டும், இழு."

நாற்பதாவது தாள் வரை ஈ இருந்தது. அன்று மாலையே ஜக்கம்மாள் நான்கு ஸ்கிரீன்களையும் வலையின் வெள்ளை தெரியும்வரை தேய்த்துக் கழுவினார். இரண்டு நாள் கழித்துக் கையெழுத்துப் போட வந்த கஸ்பார் முதல் படத்தைத் தனியே எடுத்து, "இது எண்ணுனவங்களுக்கு," என்று அவரிடம் கொடுத்தார்.

வீட்டில் சுருளிவேல் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "மூணு நாள் மாடு மாதிரி இழுத்ததுக்குத் தக்காளிப் படமா? தக்காளியாக் குடுத்திருந்தா வெஞ்சனத்துக்காச்சும் ஆயிருக்கும்."

"தக்காளி நாலு நாள்ல அழுகிரும்யா. ஆணி அடி."

பதினோரு ஆண்டுகள் அந்தப் படம் பேகம்பூர் வீட்டின் முன்னறையில், பழனி முருகன் காலண்டருக்கும் ரேஷன் கார்டு வைக்கும் அலமாரிக்கும் நடுவே இருந்தது. இதற்கிடையில் சகாயம் கடையில் நான்கு மேசைகள் ஏழாயின. பிளாஸ்டிக் புட்டியிலும் இரும்புத் தகட்டிலும் அச்சிடும் வேலைகள் வந்தன. ஆறு பேர் ஜக்கம்மாளின் மேற்பார்வையில் வேலை பார்த்தார்கள். கஸ்பார் 2004இல் காலமானார்.

அவர் படங்களைத் திரட்டி ஒரு கண்காட்சி வைக்கச் சென்னையில் ஒரு கலைக்கூடம் முடிவு செய்தது. படங்களை மதிப்பிட்டுப் பட்டியல் எழுதும் பொறுப்பு அனிஷா என்ற இளம்பெண்ணிடம் இருந்தது. நல்ல விலையின் நாற்பது பிரதிகளும் எங்கே, யாரிடம், என்ன நிலையில் இருக்கின்றன, உண்மையானவைதானா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் எழுதி, புகைப்படம் இணைத்துக் கோப்பில் சேர்த்துவந்தார். சூசைமுத்து கொடுத்த முகவரியை வைத்துக்கொண்டு 2007 ஜூன் 9 அன்று காலை ஜக்கம்மாளின் வீட்டுக்கு வந்தபோது கோப்பில் இருபத்தாறு தாள்கள் இருந்தன.

படத்தைச் சட்டத்திலிருந்து கழற்ற வேண்டும் என்றார் அனிஷா. ஜக்கம்மாளே ஆணிகளை நெம்பி எடுத்துக் கொடுத்தார். அனிஷா உருப்பெருக்கிக் கண்ணாடியால் தாளைப் பார்த்தார், விளிம்புகளைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார். கடைசியில் எண்ணுக்கு வந்தார்.

"அக்கா, இது என்ன? லாபம்னு எழுதியிருக்கு?"

ஜக்கம்மாள் நடந்ததைச் சொன்னார். அனிஷா குறுக்கிடாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் கோப்பின் முதல் தாளைத் திருப்பிக் காட்டினார்.

"ஒன்றின் கீழ் நாற்பது பழனியில இருக்குக்கா. அழகுராஜான்னு ஒரு லாட்ஜ்காரர் வச்சிருக்கார். போன மாசம்தான் பார்த்துட்டு வந்தேன். தாள், கையெழுத்து எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

"ஒண்ணுன்னு சார் எழுதவே இல்லியே பாப்பா."

"அது நீங்க சொல்றது. அங்க எழுதியிருக்கே. மொத்தம் நாற்பது. ஒண்ணுலருந்து நாற்பது வரை எண் இருந்தா உங்களோடது நாற்பத்தொண்ணாவதா ஆகுது." அனிஷா சற்றுத் தயங்கினார். "கடையில கூடுதலா ஒண்ணு அடிச்சு வச்சிருந்தா..."

கட்டிலில் உட்கார்ந்திருந்த சுருளிவேல் எழுந்துவிட்டார். "என்னம்மா பேசுற? வீடு தேடி வந்துட்டுத் திருட்டுப் பட்டமா கட்டுற?"

"நீ உக்காரு," என்றார் ஜக்கம்மாள். குரல் உயரவில்லை. "பாப்பா, சார் நாப்பதுன்னு ஒரு சொல்லுச் சொன்னாரு. அதை நம்பித்தான் வாங்குனாங்க. நான் நாப்பதுதான் இழுத்தேன். ஸ்கிரீனைக் கழுவுனதும் இந்தக் கைதான். இன்னொண்ணு உண்டுன்னு நீ எழுதுனா, செத்துப்போன மனுசன் சொன்ன சொல்ல நான் ஒடச்சேன்னு எழுதுற மாதிரி."

"நான் இன்னும் எதுவும் எழுதலக்கா. ஆனா இருபதாம் தேதி பட்டியல் அச்சுக்குப் போகுது. ஆதாரம் இல்லேன்னா உங்க படத்துக்கு நேரா சந்தேகத்துக்கு உரியதுன்னுதான் போட முடியும்."

ஜக்கம்மாள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு தரையில் அமர்ந்தார். "உன் பைல்ல இருக்குற போட்டோவை எல்லாம் எடு. நம்பர் இருக்குற எடத்தக் கையால மறைச்சுக்க. ஒவ்வொண்ணாக் காட்டு. பன்னெண்டுக்கு முந்தியா, பன்னெண்டுலருந்து பிந்தியான்னு நான் சொல்றேன்."

"எப்படிச் சொல்வீங்க?"

"மொதல்ல சொல்றேன். பெறகு எப்பிடின்னும் சொல்றேன்."

அனிஷா புகைப்படங்களைக் கலைத்து அடுக்கினார். கீழ் விளிம்பைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நீட்டினார். ஜக்கம்மாளுக்கு ஒரு பார்வைக்கு மேல் தேவைப்படவில்லை. பிந்தி. பிந்தி. முந்தி. பிந்தி. ஒவ்வொரு பதிலுக்கும் அனிஷா ஒரு சிறு தாளில் குறியிட்டுக்கொண்டார். சுருளிவேல் மனைவியின் முகத்தையும் அந்தப் பெண்ணின் பென்சிலையும் மாறி மாறிப் பார்த்தார். 2, 4, 9, 11 ஆகிய நான்குக்கும் முந்தி என்ற பதில் வந்தது. பன்னிரண்டுக்கு மேற்பட்ட இருபதில் ஒன்றுகூடத் தவறவில்லை.

இருபத்தாறும் முடிந்தபின் அனிஷா கூட்டிப் பார்த்தார். "இருபத்துநாலு சரி. ரெண்டு தப்பு."

"எது ரெண்டு?"

"ஒண்ணாம் நம்பருக்குப் பிந்தின்னு சொல்லியிருக்கீங்க. ஏழாம் நம்பருக்கும் பிந்தின்னு சொல்லியிருக்கீங்க."

ஜக்கம்மாள் அப்போதுதான் ஈயைக் காட்டினார். ஓட்டை விழுந்த கதையையும் கஸ்பார் அதை அடைக்க விடாததையும் சொன்னார். "பன்னெண்டாவது தாள்லதான் ஈ வந்துச்சு. மொதத் தாள்ல அது எப்பிடி வந்து உக்காரும்? ஈ வந்தப்புறம் எடுத்த படத்தப் பாத்து யாரோ அடிச்சிருக்காக. ஓட்டையின்னு தெரியாம அதையும் சேத்துப் படியெடுத்திருக்காக."

அனிஷா இருபத்தாறு படங்களையும் மறுபடி பார்த்தார். ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தும், அந்தப் புள்ளியை அவர் படத்தில் வரைந்த ஈ என்றே எண்ணியிருந்தார். சிலவற்றில் அது இல்லை என்பதைக் கவனிக்கவில்லை. அதை நேர்மையாக ஒப்புக்கொண்டார். ஆனால் ஏழாம் எண் படத்தை மேலே எடுத்து வைத்தார்.

"அப்போ இதுல எப்படிக்கா வந்துச்சு? ஏழுல இருக்கலாம்னா ஒண்ணுலயும் இருக்கலாமே. பன்னெண்டுங்கிற கணக்கே நிக்காதே."

ஜக்கம்மாள் அந்தப் புகைப்படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். வெகுநேரம் பார்த்தார். "நம்ம ஈ இங்க இருக்காது. இது செத்த எடப்பக்கம் தள்ளியிருக்கு. இதை நீ எடுத்தியா?"

"இல்ல. ஆயக்குடியிலருந்து தபால்ல அனுப்பினாங்க."

"அப்ப நேர்ல பாப்போம். நாளைக்குக் காலையில மொத பஸ்."

"நீ எதுக்குப் போற?" என்றார் சுருளிவேல். "சொல்ல வேண்டியதச் சொல்லியாச்சு. நம்புனா நம்பட்டும், நம்பாட்டிப் போகட்டும்."

"ஒரு மூட்டைக்கு எடை சரியில்லேன்னா நீ போகட்டும்னு விடுவியா?"

மறுநாள் விடியற்காலையில் சுருளிவேலே பேருந்து நிலையம் வரை வந்து ஏற்றிவிட்டார்.

ஆயக்குடியில் ஏழாம் எண் இருந்தது ஒரு கொய்யாத் தோப்புக்காரர் வீட்டில். அவருடைய மனைவி கௌசல்யாவுக்குத் திருமணப் பரிசாகக் கஸ்பார் கொடுத்த படம் அது. சாப்பாட்டு மேசைக்கு மேலே சுவரில் தொங்கியது. கூடத்து ஓரத்தில் நான்கு கூடை நிறையப் பழம்.

"வாங்க, வாங்க. மொதல்ல தண்ணி குடிங்க," என்று வரவேற்ற கௌசல்யாவுக்கு இவர்கள் முகத்தைப் பார்த்துக் கவலை வந்துவிட்டது. "ஏனுங்க, எங்க படத்துக்கு ஏதாச்சும் கோளாறுங்களா?"

ஜக்கம்மாள் தண்ணீர்ச் செம்பை வாங்கினார். ஒரு வாய் குடித்தார். மீதித் தண்ணீரில் முந்தானை நுனியை நனைத்துக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறினார். வெள்ளை வெளியில் கடுகளவுப் புள்ளி இருக்கத்தான் செய்தது. கண்ணாடியின் மேல் ஈரத்துணி ஒருமுறை போனது. புள்ளி சற்றே கலங்கியது. இரண்டாம் முறை போனது. புள்ளி இல்லை, முந்தானை நுனியில் பழுப்பாக ஒரு கோடு இருந்தது.

"ஈ எச்சம்," என்றார் ஜக்கம்மாள். தக்காளிச் சிவப்பின் மேல் இன்னும் நாலைந்து புள்ளிகள் இருந்ததையும் துடைத்துக் காட்டினார்; அடர் நிறத்தின் மேல் விழுந்தவை புகைப்படத்தில் தெரிந்திருக்கவில்லை.

கௌசல்யா நாக்கைக் கடித்துக்கொண்டார். "அட என்னுங்க இது, மானம் போச்சு! பழம் வர்ற நாளையில வீடு பூரா ஈ மொய்க்குமுங்க. நான் தெனமும் தொடைக்கிறதுதானுங்க..."

"உங்க வீட்டு ஈ எம் பேரக் கெடுக்கப் பாத்துச்சும்மா," என்று ஜக்கம்மாள் சொல்ல, கௌசல்யா சிரித்துவிட்டு ஒரு பை நிறையக் கொய்யாப்பழம் கட்டிக் கொடுத்தார். அனிஷா அந்த இடத்திலேயே ஏழாம் தாளில் எழுதினார்: புள்ளி கண்ணாடியின் மேல், படத்தில் இல்லை.

அங்கிருந்து பழனி பக்கம். பகல் பதினொரு மணிக்கு இருவரும் அழகுராஜாவின் லாட்ஜில் இருந்தார்கள். ஊருக்குப் புறப்படும் பக்தர்கள் பஞ்சாமிர்த டப்பாக்களோடு சாவியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வரவேற்பு மேசைக்குப் பின்னால், பித்தளைச் சட்டத்துக்குள் ஒன்றின் கீழ் நாற்பது. அனிஷா விஷயத்தைச் சொன்னதும் அழகுராஜா பணியாளைக் கூப்பிடாமல் தாமே படத்தை இறக்கிக் கண்ணாடியைக் கழற்றினார். புள்ளி தாளிலேயே இருந்தது, ஈரத்துணிக்கு அசையவில்லை. மற்ற படங்களில் எங்கே இருந்ததோ, ஒரு நூல் பிசகாமல் அதே இடத்தில் இருந்தது.

"இந்த ஈ பன்னெண்டாவது தாள்லதாங்க வந்துச்சு," என்றார் ஜக்கம்மாள். "இது எங்க கடைப் படம் இல்லீங்க."

"நல்ல விலை குடுத்துத்தானுங்க வாங்கினேன்!" என்றார் அழகுராஜா. சொன்ன பிறகுதான் படத்தின் பெயர் அவருக்கு நினைவு வந்தது. தராசைப் பார்த்தார், உச்சியில் குடை பிடித்து உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்தார். "அப்போ இந்த அந்தரத்துல தொங்கற ஆளு நான்தானுங்களா?"

அனிஷாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஜக்கம்மாள் சிரிக்கவில்லை. தாளைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"அடிச்ச ஆளு நல்ல வேலக்காரந்தானுங்க. மை ஒரே சீரா ஏறியிருக்கு, ஓரம் பிசிறில்ல. படமா வச்சுக்கங்க, குத்தமில்ல. நம்பர மட்டும் நம்பாதீங்க."

அழகுராஜா படத்தைப் பழைய இடத்திலேயே மாட்டச் சொன்னார். இருவருக்கும் காபி வரவழைத்தார்.

திரும்பும் பேருந்தில், மடியில் கோப்பை விரித்து வைத்துக்கொண்டு அனிஷா முதல் தாளை எடுத்துவிட்டுப் புதிய தாள் ஒன்றை எழுதினார். எண்: லாபம்/40. இருக்குமிடம்: திண்டுக்கல், பேகம்பூர். நிலை: நன்று. உண்மைத்தன்மை: உறுதி செய்யப்பட்டது.

"அக்கா, இதுல நீங்க ஒரு கையெழுத்துப் போடணும். அச்சிட்டவர்ங்கிற முறையில. இது மட்டும் இல்ல, எல்லாத் தாள்லயும்."

"படிச்ச நீ எழுதுனதுக்குக் கீழ நான் எதுக்கு?"

"நான் ஒரு மாசம் பார்த்தேன், எனக்கு ஈ தெரியல. நீங்க ஒரு பார்வை பார்த்தீங்க."

ஜக்கம்மாள் பேனாவை வாங்கினார். "ஆனா ஒண்ணு. போட்டோவைப் பாத்துப் போட மாட்டேன். அசலை நேர்ல பாத்துத்தான் போடுவேன். நேத்து நான் பட்டது போதும்."

அப்படியே நடந்தது. ஜூன் 20க்குள் அனிஷா கொண்டுவர முடிந்த படங்களை ஜக்கம்மாள் கடை மேசையில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். வேலை நேரத்தில் பார்க்கிறாரே என்று சூசைமுத்து முகம் சுளிக்கவில்லை. வந்தவர்களிடமெல்லாம், "செத்த நேரம் இருங்க, அந்தம்மா படம் மதிப்பு போட்டுக்கிட்டு இருக்கு," என்று அவர்கள் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்டில் சென்னையில் கண்காட்சி திறந்தது. ஜக்கம்மாளும் சுருளிவேலும் ரயிலில் போனார்கள். நீண்ட வெள்ளைச் சுவரில் நல்ல விலையின் பிரதிகள் பதினாறு வரிசையாகத் தொங்கின. முதலாவதாக இருந்தது பேகம்பூர் வீட்டுப் படம். அதன் கீழே அச்சிட்ட சீட்டில் மூன்று வரிகள்: நல்ல விலை, லாபம்/40. ஓவியம்: கஸ்பார். அச்சு: ஜக்கம்மாள். மூன்றாவது வரியை ஜக்கம்மாள் இரண்டு முறை படித்தார். பிறகு சற்றுப் பின்னால் தள்ளி நின்று, சீட்டு சாய்வில்லாமல் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்தார். சாய்வில்லை.

பக்கத்தில் சுருளிவேல், பேட்டையில் மூட்டை எண்ணும் அதே குரலில், சுவரை விரலால் தொட்டுக் காட்டி எண்ண ஆரம்பித்தார். "லாபம், ரெண்டு, மூணு..." சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார். ஜக்கம்மாள் கணவரின் கையை இழுத்து நிறுத்தவில்லை. அவர் பதினாறு வரை எண்ணி முடிக்கும்வரை நிமிர்ந்து நின்றார்.

அதன்பின் நல்ல விலையின் பிரதி எங்கே கைமாறினாலும், வாங்குகிறவர் அதை முதலில் திண்டுக்கல்லுக்கு அனுப்புவது வழக்கமாயிற்று. ஜக்கம்மாள் இதற்கென்று நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்துள்ளார். முதல் பக்கத்தின் தலையில் லாபம் என்று எழுதியிருக்கிறது; அடுத்த பக்கத்தில் 2. பார்த்த தேதி, கொண்டுவந்தவர் பெயர், ஈ உண்டு அல்லது இல்லை என்ற குறிப்பு, கையொப்பம் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு பக்கத்திலும் இடம் விட்டிருக்கிறது.

2007 ஜூன் 10 முதல் 2009 டிசம்பர் 31 வரை அவர் நேரில் பார்த்தவை: முப்பத்தெட்டு. கையொப்பமிட்டவை: முப்பத்தைந்து. போலி: மூன்று.